மேஸ்திரியும் சித்தாளும்: 'மகிஸ்தெர்' என்ற இலத்தீன் சொல்லின் தமிழ் வாழ்வு – காரியாபட்டி வட்டாரக் கட்டுமானக் களத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வழங்கும் 'மேஸ்திரி' என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியின் 'மெஸ்த்ரெ' என்பதிலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. 'மெஸ்த்ரெ' இலத்தீன் மொழியின் 'மகிஸ்தெர்' என்பதன் வழிவந்தது. கடன்சொற் பட்டியல்கள் இச்செய்தியோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல்லின் பிறப்பிடத்தைச் சுட்டுவது அதன் வரலாற்றைச் சொல்வதாகாது. இலத்தீனில் 'மகிஸ்தெர்' தனித்து நின்ற சொல்லன்று. 'மினிஸ்தெர்' என்ற எதிர்ச்சொல்லோடு சேர்ந்தே பொருள் தந்தது. காரியாபட்டி வட்டாரக் கட்டுமானக் களத்தில் 'மேஸ்திரி' என்பதற்கு எதிரே நிற்பது 'சித்தாள்'. மேல்–கீழ் என்ற இணை தமிழ்ச் சூழலில் மீண்டும் உருவாகியிருப்பதையும், அவ்விணையின் கீழ்முனையில் பெண் நிறுத்தப்பட்டிருப்பதையும் இக்கட்டுரை சொற்பிறப்பியல், ஒலியியல், சமூகமொழியியல் ஆகிய நோக்குகளில் ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: மேஸ்திரி, மகிஸ்தெர், ரோமான்சு மொழிகள், போர்த்துக்கீசியக் கடன்சொற்கள், சித்தாள், காரியாபட்டி, சமூகமொழியியல்

முன்னுரை

சாவி, மேசை, அலமாரி, ஜன்னல், பொத்தான், துவாலை, பாதிரி, மேஸ்திரி எனப் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களின் வரிசை மொழியியல் பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறுவது. இவ்வரிசையில் உள்ள பெரும்பாலான சொற்கள் பொருள்களின் பெயர்கள். பொருள் வந்தபோது பெயரும் உடன் வந்தது என்ற விளக்கம் அவற்றுக்குப் பொருந்தும். சாவியும் மேசையும் தமக்குரிய பொருளைச் சுட்டிவிட்டு அமைதியாக இருக்கின்றன. 'மேஸ்திரி' அத்தகையதன்று. அது மனிதரைச் சுட்டும் சொல். அதிலும் மற்றொரு மனிதருக்கு மேலே நிற்கும் மனிதரைச் சுட்டும் சொல். ஆகவே அதன் வரலாறு ஓர் உறவின் வரலாறாகவும் அமைகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் வடபகுதியில், மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள காரியாபட்டி, அருப்புக்கோட்டை–திருச்சுழி மானாவாரி நிலப்பரப்பின் வாயிலாக விளங்குகிறது. குண்டாற்றில் எப்போதாவது வரும் நீரையும், கண்மாயையும், வடகிழக்குப் பருவமழையையும் நம்பியிருக்கும் நிலம் இது. வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தராத இத்தகைய ஊர்களில் கட்டட வேலை வாழ்வாதாரமாக மாறியதில் வியப்பில்லை. காலைப் பேருந்துகளில் மதுரைக்குச் செல்லும் கொத்தனார்களும் சித்தாள்களும் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. இவர்களது பேச்சில் 'மேஸ்திரி' என்ற சொல் பெறும் இடமே இக்கட்டுரையின் களம்.

கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணிக்கு கி. ராஜநாராயணன் வெளியிட்ட வழக்குச் சொல்லகராதி (1982) வழிகாட்டியாக அமைந்தது. அதனைத் தொடர்ந்து வளர்ந்த வட்டார அகராதியியல் ஓர் ஊருக்கே உரிய அரிய சொற்களைத் தேடிக் காப்பதில் பெரும்பணி ஆற்றியுள்ளது. எனினும் எல்லா ஊரிலும் வழங்கும் ஒரு பொதுச்சொல் ஒரு குறிப்பிட்ட நிலத்தில் எவ்வாறு இயங்குகிறது என்ற வினாவும் வட்டார ஆய்வுக்குரியதே.

இலத்தீனில் 'மகிஸ்தெர்'

'மகிஸ்தெர்' என்ற சொல்லின் முதற்கூறு 'மகிஸ்'. இதற்கு 'மேலும், மிகுதியாக' என்பது பொருள். இரண்டாம் கூறு இரண்டனுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒப்பீட்டு ஒட்டு. எனவே 'மகிஸ்தெர்' என்பதன் நேர்ப்பொருள் 'இருவருள் மேலானவர்' என்பதாகும். இதே அச்சில் 'குறைவாக' எனப் பொருள்படும் 'மினுஸ்' என்ற சொல்லோடு தொடர்புடைய அடியிலிருந்து 'மினிஸ்தெர்' பிறந்தது. 'இருவருள் கீழானவர்', அதாவது ஏவலர், பணியாள் என்பது அதன் பொருள். ஒன்று இல்லாமல் மற்றொன்று பொருள் முழுமை பெறாது. ஆசிரியர், தலைவர் என்றெல்லாம் அகராதிகள் தரும் பொருள்கள் இந்த அடிப்படை ஒப்பீட்டிலிருந்து பின்னர் விரிந்தவை.

உரோமானியர் வாழ்வில் இச்சொல் பரவிய துறைகள் பல. சர்வாதிகாரியின் துணைவராகக் குதிரைப்படையை நடத்தியவர் 'மகிஸ்தெர்'. பள்ளி நடத்தியவர் 'மகிஸ்தெர்'. கப்பலின் பொறுப்பை ஏற்றவர், மந்தை மேய்ப்போருக்குத் தலைவராக இருந்தவர், தொழிற்குழுவின் தலைவர் ஆகியோரும் 'மகிஸ்தெர்' எனப்பட்டனர். இவற்றுள் எதுவும் ஒரு கைத்தொழிலின் பெயரன்று. படை, பள்ளி, கப்பல், மந்தை என எங்கிருந்தாலும் மற்றவர்களை வைத்து வேலை வாங்கும் நிலையைக் குறித்ததே இச்சொல். இந்நுட்பம் தமிழ் வழக்கைப் புரிந்துகொள்ளப் பின்னர் உதவும்.

'மகிஸ்' என்பதன் வேர் வடமொழியின் 'மஹத்', கிரேக்கத்தின் 'மெகாஸ்' ஆகியவற்றோடு உறவுடையது. அவ்வகையில் 'மகாராஜா' என்பதில் உள்ள 'மகா'வும் 'மேஸ்திரி'யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் தொலைதூரக் கிளைகள். வடமொழியில் இதே வேருடன் ஒப்பீட்டு ஒட்டுச் சேர்ந்து உருவான 'மஹத்தர' என்பது ஊர்ப் பெரியோரையும் அதிகாரிகளையும் குறிக்கும் பட்டமாகக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வழங்கியது. பாரசீகத்தில் 'பெரியவர்' எனப் பொருள்பட்ட 'மிஹ்தர்' சித்ராலில் ஆள்வோரின் பட்டமாக நின்றது. வட இந்தியாவிலோ துப்புரவுத் தொழிலாளரைக் குறிக்கும் பெயராயிற்று. 'மேலானவர்' என்ற பொருளில் பிறந்த சொல் ஒரே காலத்தில் அரியணையிலும் தெருவிலும் இருக்க முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

ரோமான்சு மொழிகளில் பொருள் விரிவு

இலத்தீனிலிருந்து கிளைத்த ரோமான்சு மொழிகளில் இச்சொல்லின் நடுவில் இருந்த ககர ஒலி பல இடங்களில் தேய்ந்து மறைந்தது. இத்தாலியத்தில் 'மயெஸ்த்ரோ', 'மஸ்த்ரோ' என இரு வடிவங்கள்; ஸ்பானியத்தில் 'மயெஸ்த்ரோ'; பழைய பிரெஞ்சில் 'மைஸ்த்ர்', இன்றைய பிரெஞ்சில் 'மெத்ர்'; கத்தலானிலும் போர்த்துக்கீசியத்திலும் 'மெஸ்த்ரெ'. முதற்கூறான 'மகிஸ்' என்பதும் தனித்து வாழ்ந்தது. ஸ்பானியத்தில் 'மாஸ்', போர்த்துக்கீசியத்தில் 'மைஸ்', ருமேனியத்தில் 'மை' என 'மேலும்' என்ற பொருளிலும், பிரெஞ்சில் 'மெ', இத்தாலியத்தில் 'மா' என 'ஆனால்' என்ற பொருளிலும் அது நாள்தோறும் பேசப்படுகிறது.

பொருளைப் பொறுத்தவரை இச்சொல் இரு திசைகளில் பிரிந்தது. ஒரு திசையில் அது கல்வி, கலை, சட்டம் சார்ந்த உயர்மதிப்புப் பெற்றது. இசைக்குழு நடத்துநரை இத்தாலியர் 'மயெஸ்த்ரோ' என்பர். பிரான்சில் வழக்கறிஞரை 'மெத்ர்' என விளிப்பர். மறுதிசையில் அது கைவினைஞரிடம் தங்கியது. போர்த்துக்கீசியத்தில் கட்டட வேலையின் பொறுப்பாளர் 'மெஸ்த்ரெ' என்றே குறிப்பிடப்படுகிறார். அதே மொழியில் கப்பலில் மாலுமிகளுக்குப் பொறுப்பானவரும், படைத்துறவியர் சங்கத்தின் தலைவரும் 'மெஸ்த்ரெ'தான். பின்னாளில் போர்ச்சுகலின் அரசரான முதலாம் ஜோவான் 'அவிஸ் சங்கத்தின் மெஸ்த்ரெ' என்றே அறியப்பட்டிருந்தார்.

இவ்விரு திசைகளுக்கும் இடையிலான பிளவை இலக்கியம் கூர்மையாகப் பதிவு செய்துள்ளது. ஜொவான்னி வெர்காவின் 'மஸ்த்ரோ-தோன் ஜெசுவால்தோ' (1889) என்ற இத்தாலிய நாவல் சிசிலித் தீவின் வறண்ட நிலப்பகுதியில் நிகழ்வது. கட்டட வேலையிலிருந்து உழைத்து முன்னேறிப் பெருஞ்செல்வம் சேர்க்கும் ஒருவனை ஊரார் 'மஸ்த்ரோ-தோன்' என்கின்றனர். 'தோன்' மேட்டுக்குடியினருக்குரிய மதிப்பு ஒட்டு, 'மஸ்த்ரோ' கைவினைஞருக்குரியது. இரண்டையும் ஒட்டவைத்து அழைப்பதில் மரியாதையும் ஏளனமும் ஒருங்கே ஒலிக்கின்றன. அவன் ஏறிய உயரத்தை ஒரு சொல் ஒப்புக்கொள்ள, அவன் எங்கிருந்து வந்தான் என்பதை மற்றொரு சொல் மறக்கவிடாமல் செய்கிறது. மதிப்புத் தரும் சொல்லே மதிப்பின் எல்லையையும் வரையறுக்க வல்லது என்பதை இந்நாவலின் தலைப்பே உணர்த்துகிறது.

தமிழுக்கு வந்த வழியும் ஒலிச் சான்றுகளும்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததற்குப் பின் போர்த்துக்கீசியர் கொச்சி, கொல்லம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சாந்தோம் ஆகிய கடற்கரை ஊர்களில் காலூன்றினர். முத்துக்குளித்துறையில் மறைப்பணி தொடங்கியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1679இல் அம்பலக்காட்டில் புரோவென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சேறியது. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றிய பின்னரும் துறைமுக ஊர்களில் போர்த்துக்கீசியம் பல இனத்தவருக்கும் பொதுவான தொடர்புமொழியாக நீடித்தது. ஆகவே இச்சொல்லை மறைப்பணியாளரின் கொடையாக மட்டும் கருத வேண்டியதில்லை. கப்பல், பண்டகசாலை, கோட்டை, கோயில் கட்டுமானம் என வேலை நடந்த இடங்களிலெல்லாம் வேலை வாங்குவோரின் பெயராக அது புழங்கியிருத்தல் கூடும்.

ஆசிய மொழிகளில் போர்த்துக்கீசியச் சொற்களின் செல்வாக்கை ஆராய்ந்த செபாஸ்தியான் ரொதோல்ஃபோ தல்காதோவின் நூல் (1913) 'மெஸ்த்ரெ' பல இந்திய மொழிகளில் பரவியதைக் காட்டுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'மேஸ்த்ரி', மலையாளத்தில் 'மேஸ்திரி', இந்தியிலும் உருதுவிலும் 'மிஸ்த்ரி' என இது வழங்குகிறது. வட இந்தியாவில் தச்சர், கொத்தர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் ஆகிய மூவரும் 'மிஸ்த்ரி'யே. பார்சி, குஜராத்திக் குடும்பங்களில் அது குடும்பப் பெயராகவும் நிலைத்துவிட்டது. பிரித்தானிய இந்திய வழக்குச் சொற்களின் அகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' (1886) நூலும் இதனைப் போர்த்துக்கீசியச் சொல் என்றே பதிவு செய்கிறது.

ஒலிமாற்றங்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன. முதலாவதாக, போர்த்துக்கீசியச் சொல்லில் அழுத்தம் பெறும் உயிர் தமிழில் நெடிலாகிறது. 'ஷவெ' சாவி ஆனதும், 'பத்ரெ' பாதிரி ஆனதும், 'மெஸ்த்ரெ' மேஸ்திரி ஆனதும் ஒரே நெறிப்படி நிகழ்ந்தவை. இரண்டாவதாக, இறுதி எகரம் இகரமாகிறது. மேற்காட்டிய மூன்று சொற்களும் இதற்குச் சான்று. மூன்றாவதாக, போர்த்துக்கீசியத்தின் பல்லின ஒலி தமிழில் தகரமாகவும், ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலி டகரமாகவும் ஒலிக்கப்படுகின்றன. பொத்தான்–பட்டன், துவாலை–டவல், மேஸ்திரி–மாஸ்டர் ஆகிய இணைகளில் முதற்சொல் போர்த்துக்கீசிய வழியில் வந்தது. இரண்டாவது ஆங்கில வழியில் வந்தது.

மூன்றாம் நெறியை மட்டும் தனியே நம்புவது பிழையாகும். ஆங்கில வழியில் வந்த 'ரிஜிஸ்தர்', 'மாஜிஸ்திரேட்டு' ஆகியவற்றிலும் ஸகரத்துக்குப் பின் தகரமே நிற்கிறது. ஆகவே 'மேஸ்திரி' ஆங்கிலத்தின் 'மாஸ்டர்' என்பதன் பழைய திரிபாக இருக்கலாகாதா என்ற ஐயம் எழலாம். முதலெழுத்தின் ஏகாரமும் இறுதி இகரமும் அவ்வையத்தை நீக்குகின்றன. ஆங்கிலச் சொல்லின் எந்த உச்சரிப்பிலிருந்தும் இவ்விரு உயிர்களையும் ஒருசேரப் பெற இயலாது.

'மேல்' என்ற தமிழ்ச் சொல்லோடு இதனை இணைத்துப் பார்க்கும் விருப்பமும் இயல்பானதே. பொருளும் முதலெழுத்தும் ஒத்திருக்கின்றன. ஆயினும் எஞ்சிய பகுதிக்குத் தமிழில் விளக்கம் இல்லை. ஒலியொப்புமை சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஆனால் ஒரு கடன்சொல் புதிய மொழியில் அந்நியமாகத் தோன்றாமல் போவதற்கு அது காரணமாகலாம். 'மேல்' என்ற முதலொலி எழுப்பும் உணர்வும், சாஸ்திரி, மந்திரி போன்ற மதிப்புச் சொற்களோடு ஒத்த ஈறும் 'மேஸ்திரி'யைத் தமிழ்ச் செவிக்கு எளிதில் உரியதாக்கியிருக்க வேண்டும்.

ஒரு சொல், பல வாயில்கள்

'மகிஸ்தெர்' தமிழுக்குள் ஒருமுறை மட்டும் நுழையவில்லை. போர்த்துக்கீசிய வாயிலில் 'மேஸ்திரி'யாக வந்தது. ஆங்கில வாயிலில் 'மாஸ்டர்' ஆயிற்று. அதே குடும்பத்தின் 'மகிஸ்த்ராத்துஸ்' என்ற பதவிப்பெயர் 'மாஜிஸ்திரேட்டு' எனக் கச்சேரிக்குள் வந்தது. 'மாஸ்டர்' என்பதன் நலிந்த வடிவமே 'மிஸ்டர்'. பழைய பிரெஞ்சில் 'மைஸ்த்ர்' என்பதன் பெண்பால் வடிவம் ஆங்கிலத்தில் 'மிஸ்ட்ரெஸ்' ஆகி, அதன் குறுக்கமாகிய 'மிஸ்' இன்று தமிழகப் பள்ளிகளில் ஆசிரியையின் விளிப்பெயராக ஒலிக்கிறது.

காரியாபட்டி போன்ற ஒரு சிற்றூரின் கடைவீதியில் இச்சொற்கள் யாவற்றையும் ஒரே காலைப்பொழுதில் கேட்கலாம். தேநீர்க் கடையிலும் பரோட்டாக் கடையிலும் 'மாஸ்டர்'. பள்ளி வாயிலில் 'மிஸ்'. கட்டட வேலையிடத்தில் 'மேஸ்திரி'. ஒரே தாயின் மக்களான இச்சொற்கள் ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறு படிகளில் அமர்ந்திருக்கின்றன. இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 'மாஸ்டர்' என்ற சொல் கைத்திறனைச் சுட்டுகிறது. பரோட்டா மாஸ்டருக்குக் கீழ் யாரும் இல்லாவிடினும் அவர் மாஸ்டரே. 'மேஸ்திரி' அவ்வாறன்று. கீழே ஆள் இல்லாதவர் மேஸ்திரி ஆவதில்லை. இலத்தீன் சொல்லின் பழைய ஒப்பீட்டுப் பொருள் 'மாஸ்டர்' என்பதில் மங்கி, 'மேஸ்திரி'யில் உயிரோடு இருக்கிறது.

ஆள் சேர்க்கும் மேஸ்திரி

மேஸ்திரி என்ற சொல்லின் தமிழ்ப் பொருள்களில் மிகக் கனமானது ஆள்சேர்ப்பவர் என்பது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியவர் 'கங்காணி' எனப்பட்டார். 'கண்காணி' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு அது. பர்மாவுக்கு ஆள் திரட்டும் முறையிலும், ஆனைமலை, நீலகிரி போன்ற தென்னிந்திய மலைத்தோட்டங்களிலும் அதே வேலையைச் செய்தவர் 'மேஸ்திரி' எனப்பட்டார். தோட்ட நிருவாகத்திடம் பணம் பெற்று, மழை பொய்த்த ஊர்களுக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, குடும்பங்களை மலைக்கு அழைத்துச் செல்வது அவர் தொழில். முன்பணம் கடனாகவும் கடன் தளையாகவும் மாறியது.

இம்முறைக்குச் சட்டமும் துணைநின்றது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலையை முடிக்காத தொழிலாளியை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவும், அவரது ஆணைக்கு இணங்காவிடில் சிறையிலிடவும் இடமளித்தது. முன்பணம் தந்தவர் மேஸ்திரி; தண்டித்தவர் மாஜிஸ்திரேட்டு. 'மேலானவர்' என்ற ஒரே சொல்லின் இரு வடிவங்களுக்கு இடையில் உழைப்பாளி நின்றிருந்தார். சொற்பிறப்பியல் வெறும் சொல்விளையாட்டன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' (1969) என்ற நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. பஞ்சத்தில் வாடும் தம்பதியரை மேஸ்திரி ஒருவர் இனிய சொற்களாலும் முன்பணத்தாலும் மலைக்கு அழைத்துச் செல்வதே அந்நாவலின் தொடக்க விசை. இதனைத் தழுவி பாலா இயக்கிய 'பரதேசி' (2013) திரைப்படத்தில் அப்பாத்திரம் 'கங்காணி' என அழைக்கப்படுகிறது. இப்பெயர் மாற்றம் ஆராயத்தக்கது. இன்றைய தமிழர் நினைவில் 'கங்காணி' கொடுமையின் பெயராக உறைந்துவிட்டது; வாழ்வில் அதற்கு வேறு பயன்பாடு இல்லை. 'மேஸ்திரி'யோ இன்றும் வீடு கட்டித் தருபவரின் பெயர். ஆகவே அச்சொல் தன் பழைய வன்மையை வெளிக்காட்டாமல் வாழ்கிறது. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்போர் இன்றும் மேஸ்திரிகளே என்பதை நோக்கும்போது, அப்பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிட்டது எனல் இயலாது.

காரியாபட்டிக் களம்: மேஸ்திரியும் சித்தாளும்

கட்டுமானக் களத்தின் சொற்கள் பெரும்பாலும் இம்மண்ணுக்குரியவை. தூக்குக்குண்டு, ரசமட்டம், மணியாசுக்கட்டை, சாந்துச்சட்டி, சாரம் எனக் கருவிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. ஆட்களின் பெயர்களும் அவ்வாறே. சுவர் எழுப்புபவர் கொத்தனார். கனமான வேலைகளுக்கு உதவும் ஆண் நிமிந்தாள். சாந்தும் செங்கல்லும் சுமப்பவர் சித்தாள். கொத்தனார் என்ற பெயரிலேயே 'ஆர்' என்ற மதிப்பு விகுதி இருக்கிறது. பின் 'மேஸ்திரி' எதற்கு?

கொத்தனார் என்பது திறனின் பெயர்; மேஸ்திரி என்பது நிலையின் பெயர். வேலையைத் தம் பொறுப்பில் பேசி எடுத்து, ஆட்களை அழைத்து வந்து, சனிக்கிழமை கூலியைப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் ஒரு கொத்தனார் மேஸ்திரி ஆகிறார். மரியாதை கருதி எந்தக் கொத்தனாரையும் 'மேஸ்திரி' என விளிப்பதுண்டு. அது திறனைப் புகழ்வதற்காக அன்று. ஒரு படி உயர்த்தி அழைக்கும் பண்பு கருதியே. உரோமானியர் வழக்கில் 'மகிஸ்தெர்' கைத்தொழிலின் பெயராக இல்லாமல் நிலையின் பெயராக இருந்ததை இது நினைவூட்டுகிறது.

அந்த நிலைக்கு எதிர்நிலை 'சித்தாள்'. சிறுமை என்ற பண்படியோடு ஆள் சேர்ந்த 'சிற்றாள்' என்பதன் பேச்சுத்திரிபு அது. 'சிறிய ஆள்' என்பதே பொருள். 'மினிஸ்தெர்' என்பதன் பொருளும் ஏறத்தாழ இதுவே. போர்த்துக்கீசியர் 'மெஸ்த்ரெ'யைக் கொண்டுவந்தபோது அதன் எதிர்ச்சொல்லைக் கொண்டுவரவில்லை. அவ்வெற்றிடத்தைத் தமிழ்க் களம் தன் சொந்தச் சொல்லால் நிரப்பிக்கொண்டது. மேலே கடன்சொல், கீழே தாய்மொழிச் சொல் என அமைந்தாலும், பெரியவர்–சிறியவர் என்ற இணை அச்சுமாறாமல் நிற்கிறது.

இலத்தீனில் இல்லாத ஒன்று இங்கே சேர்ந்தது. தென்மாவட்டக் கட்டுமானக் களத்தில் சித்தாள் என்றாலே பெண் எனப் பொருள் கொள்ளப்படுகிறது. இலக்கணப்படி 'சிற்றாள்' ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. அவ்வாறே 'மேஸ்திரி'யும் பால் காட்டும் விகுதி அற்றது. அதன் இகர ஈறு மாணவி, தோழி போன்ற பெண்பாற் பெயர்களின் ஈற்றோடு ஒத்திருப்பினும் அச்சொல் ஆணையே குறிக்கிறது. இலத்தீனில் 'மகிஸ்த்ரா', இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'மயெஸ்த்ரா', போர்த்துக்கீசியத்தில் 'மெஸ்த்ரா' எனப் பெண்பால் வடிவங்கள் உண்டு. தமிழில் அதற்கு இணை உருவாகவில்லை. மொழி தடுக்காததைக் களம் தடுத்திருக்கிறது. பையனாக வேலைக்கு வருபவர் நிமிந்தாளாகி, கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, மேஸ்திரியாகும் பாதை ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் சித்தாளாக வந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாளாகவே இருக்கிறாள். சிறுமை அங்கு வயதையோ அனுபவத்தையோ சார்ந்ததன்று.

பேச்சு வழக்கு இவ்வேறுபாட்டை நுட்பமாகப் பதிவு செய்கிறது. 'மேஸ்திரி வந்துட்டாரு' என்பது இவ்வட்டார வழக்கு. 'சித்தாளு வந்துருச்சு' என்பதும் அவ்வாறே. பெண்டிரை அஃறிணை வினைமுற்றால் சுட்டுவது மதுரை வட்டாரத்தில் பரிவின் வெளிப்பாடாகவும் அமைவதுண்டு. அதனை இழிவு என உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆயின் விளிநிலையில் வேறுபாடு ஐயமின்றித் தெரிகிறது. 'மேஸ்திரி, சாந்து போதுமா?' எனப் பதவிப்பெயரால் விளிக்கலாம். 'சித்தாளே' என யாரும் விளிப்பதில்லை. அவள் பெயராலோ, 'ஏம்மா', 'இந்தாம்மா' என்றோ அழைக்கப்படுகிறாள். ஒரு தொழிற்பெயர் விளிப்பெயராகும் தகுதி பெறுவதே மதிப்பின் அளவுகோல். அந்த அளவுகோலில் சித்தாள் என்ற பெயர் எண்ணிக்கைக்கு உதவும் பெயராக மட்டும் நிற்கிறது: 'நாளைக்கு ரெண்டு சித்தாள் வேணும்.'

மேற்பார்வை வேலை பெண்களுக்கு இயலாதது என்ற வாதம் இங்கு நிற்காது. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலையில் வேலையாட்களின் வருகையையும் வேலையளவையும் கவனித்தவருக்குத் தமிழகத்தில் 'பணித்தளப் பொறுப்பாளர்' எனப் பெயர். அப்பொறுப்பைக் கிராமப்புறப் பெண்கள் பரவலாக ஏற்று நடத்தினர். அதே கண்மாய்க் கரையில், அதே மண்ணை அளந்து, வேலை வாங்கிய பெண் 'மேஸ்திரி' என அழைக்கப்படவில்லை. புதிய பதவிக்குப் புதிய சொல் அமைந்தது. பழைய சொல் ஆண்களிடமே தங்கியது.

மாற்றுச்சொல் குறித்த சிந்தனை

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில் நோக்கினால், 'மேஸ்திரி' என்பதற்குத் தலைமைக் கொத்தனார், மேலாள், பொறுப்பாளர் எனப் பல மாற்றுகளை முன்மொழிய இயலும். சொல்லாக்க நோக்கில் அவை குறையற்றவை. எனினும் மாற்றப்படுவது எது என்ற வினா எழுகிறது. அயற்சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை வைத்தால் மொழியின் தூய்மை பேணப்படலாம். மேஸ்திரி–சித்தாள் என்ற இணையின் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். அந்த இணையில் கனக்கும் சொல் அயற்சொல்லன்று. நல்ல தமிழ்ச்சொல்லாகிய சித்தாளே. 'கங்காணி'யும் தூய தமிழ்ச் சொற்பிறப்பு உடையதே. அதனால் அதன் கொடுமை குறைந்துவிடவில்லை. சொல்லின் பிறப்பிடத்தை வைத்து அதன் நன்மை தீமைகளை அளப்பது இவ்விரு சான்றுகளாலும் பிழையாகிறது.

மறுபுறம், 'இது போர்த்துக்கீசியம்' எனக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும் பட்டியல் முறையும் போதாது. அது சொல்லை அருங்காட்சியகப் பொருளாக்குகிறது. ஒரு கடன்சொல் எந்தச் சொற்களின் நடுவே வந்து அமர்ந்தது, எதனை எதிர்ச்சொல்லாகக் கொண்டது, யாரைக் குறிக்க மறுத்தது என்பவற்றையும் பதிவு செய்யும்போதே கடன்சொல் ஆய்வு முழுமை பெறும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. 'மேஸ்திரி' என்பது 'மகிஸ்தெர்' என்ற இலத்தீன் சொல்லின் போர்த்துக்கீசிய வழித்தோன்றல் என்பதை உயிர்மாற்றங்கள் உறுதி செய்கின்றன. தகர–டகர வேறுபாடு துணைச்சான்றாக மட்டுமே கொள்ளத்தக்கது. அவ்விலத்தீன் சொல் தமிழுக்குள் பல வாயில்களில் நுழைந்து மேஸ்திரி, மாஸ்டர், மாஜிஸ்திரேட்டு, மிஸ் எனப் பிரிந்துள்ளது. அவற்றுள் 'இருவருள் மேலானவர்' என்ற ஒப்பீட்டுப் பொருளை நெருக்கமாகக் காத்துவருவது மேஸ்திரியே. காரியாபட்டி வட்டாரக் கட்டுமானக் களத்தில் அதன் எதிர்ச்சொல்லாகச் சித்தாள் அமைந்து, இலத்தீனின் பழைய இணையை மீள உருவாக்கியுள்ளது. அவ்விணையின் கீழ்முனை பெண்ணுக்கு உரியதாக்கப்பட்டதற்கு மொழியமைப்பில் காரணம் இல்லை. உழைப்புப் பங்கீட்டிலேயே உண்டு.

இலத்தீனில் ஏவலரைக் குறித்த 'மினிஸ்தெர்' இன்று நாடாளும் அமைச்சரின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது. கீழ்நிலைச் சொற்கள் என்றும் கீழேயே கிடக்க வேண்டும் என்ற விதி மொழி வரலாற்றில் இல்லை. சித்தாள் என்ற சொல்லுக்கும் அவ்வரலாறு திறந்தே உள்ளது. ஆனால் 'மினிஸ்தெர்' உயர்ந்தது அரசரின் ஏவலருக்கு அதிகாரம் வந்துசேர்ந்த பின்னரே. சாந்துச்சட்டி சுமக்கும் கைக்குக் கரண்டியும் தூக்குக்குண்டும் வந்துசேர்ந்த பிறகுதான் சித்தாள் என்ற சொல்லின் பொருளும் மாறும்.